தொட்ட ரொட்டி, தொடாத ரொட்டி

எங்கள் குடியிருப்பில் லிஃப்ட் ஓடவில்லை என்று கூட்டம் போட்டால் ஐந்து பேர் வருவார்கள். அதில் இரண்டு பேர் இடம் தெரியாமல் வந்தவர்களாக இருப்பார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலோ தரைத்தளப் பொதுக்கூடத்தில் நிற்க இடமில்லை. எண்பது நாற்காலியும் நிரம்பி, சுவரோரமும் நிரம்பி, பூப்பந்து வலையைச் சுருட்டிப் போட்டிருந்த மூலையில்கூட இரண்டு பேர் நின்றார்கள். எட்டாம் மாடியிலிருந்து முழங்கால் வலிக்காரர்கள் படியிறங்கி வந்திருந்தார்கள். லிஃப்ட் அன்றைக்கும் ஓடவில்லை என்பது யாருக்கும் உறைத்ததாகத் தெரியவில்லை.

வந்திருந்தவர் நானோநந்தர்.

வீட்டில் அவருக்கு வைத்த பெயர் என்ன என்று யாரும் கேட்கவில்லை. வெள்ளி நிறச் சட்டை, வெள்ளி நிறச் செருப்பு, வெள்ளி நிறத் தலைமுடி. மேடையில் ஒரு நீள மேசை. அதன் மேல் பெட்டிகளாக அடுக்கி வைத்திருந்தார். மூடியின் உட்பக்கம் பளபளவென்று மின்னியது. பெயர் ‘நானோ அமுதப் பெட்டி’. உள்ளே வைத்த சோறு ஏழு நாள் கெடாது. ஃப்ரிட்ஜ் வேண்டாம், கரண்ட் வேண்டாம், கவலை வேண்டாம்.

“ஒரு தலமுடிய லட்சம் பங்கா கீறுங்க,” என்றார் நானோநந்தர். “அதுல ஒரே ஒரு பங்க எடுங்க. அவ்வளவுதான் நானோ.”

முன்வரிசை வழுக்கைத் தலையர் ஒருவர் வருத்தத்துடன் தலையைத் தடவிக்கொண்டார்.

“இந்த மூடியில கோடானுகோடி வெள்ளி நானோ ஒக்காந்திருக்கு. ஒவ்வொண்ணுக்கும் உயிர் இருக்கு, காது இருக்கு. நீங்க பேசுறது அதுக்குக் கேக்கும். சாப்பாட்ட வெச்சு மூடுறப்ப மூணு தடவ நன்றி சொல்லணும். பெட்டி கிழக்க பாத்து இருக்கணும். சோப்புப் போட்டுக் கழுவவே கூடாது. முக்கியமான விஷயம், சந்தேகப்படக் கூடாது. சந்தேகப்பட்டா நானோ சுருங்கிடும்.”

முடியை லட்சம் பங்காகக் கீறிய பிறகு அது இன்னும் எங்கே போய்ச் சுருங்கும் என்று யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மேசையின் மறுகோடியில் சின்னச் சின்னப் பீச்சுபாட்டில்கள் இருந்தன. அவற்றின் பெயர் ‘நானோ நீக்கி’. “கடையில விக்கிற பாக்கெட்டு, உறை, பாட்டில் எல்லாத்துலயும் கெட்ட நானோ இருக்கு. அது சாப்பாட்டோட ரத்தத்துல ஏறி மூளையில போய்க் குடியிருக்கும். இத ரெண்டு தடவ பீச்சுனா எறங்கிடும்.” ஆக, நானோவை நம்புகிறவர்களுக்குப் பெட்டி. நானோவுக்குப் பயப்படுகிறவர்களுக்குப் பாட்டில். எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அவர் பையில் விழும்படி வழி செய்து வைத்திருந்தார். இரண்டாம் மாடி வக்கீல் பெட்டி வாங்கினார். ஐந்தாம் மாடியில் இருக்கும், பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர் நீக்கி வாங்கினார். இருவரும் ஒரே வரிசையில் முன்னும் பின்னும் நின்றபடி, நானோ நல்லதா கெட்டதா என்று முகம் சிவக்கச் சண்டை போட்டார்கள்.

இந்தக் கூடத்தை அவருக்கு வாடகை வாங்காமல் திறந்துவிட்ட புத்திசாலி யார் என்று கேட்கிறீர்களா? அடியேன்தான். குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர். பிழைப்புக்கு மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன். ஊரில் பாதிப் பேருக்குக் கண் தெரிவது என்னால்தான். எனக்குத்தான் அன்றைக்குத் தெரியவில்லை. கூடத்துக்குக் கைம்மாறாக ஒரு அமுதப் பெட்டியை இலவசமாக நீட்டினார். பல்லை இளித்துக்கொண்டு வாங்கிக்கொண்டேன்.

என் மனைவிக்காகத்தான் வாங்கினேன் என்று சொல்லிக்கொள்ள ஆசை. பாதி உண்மை. எங்கள் கட்டடத்தின் தரைத்தளத்தில் ஒரு குழந்தைக் காப்பகம் இருக்கிறது. அப்பா அம்மா வேலைக்குப் போகும் இருபத்திரண்டு பிள்ளைகள். மூத்ததுக்கு நாலு வயது. இளையது இன்னும் ‘தண்ணி’ என்பதை ‘தன்னி’ என்றுதான் சொல்லும். அந்த இருபத்திரண்டு பேருக்கும் மதியச் சாப்பாடு எங்கள் வீட்டு அடுப்பிலிருந்து போகிறது. பதினோரு வருஷமாக என் மனைவி விடிகாலை நாலு மணிக்கு எழுந்து காய் நறுக்குகிறாள். ஒரு வாரச் சாப்பாட்டை ஞாயிற்றுக்கிழமையே சமைத்து அமுதப் பெட்டியில் போட்டுவிட்டால்? கூட்டத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் நானோவைப் பார்க்கவில்லை. தூக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நானோநந்தர் வெறும் பேச்சுக்காரர் அல்ல. நிரூபணம் கொடுப்பவர்.

ஒரு ரொட்டிப் பாக்கெட்டைப் பிரித்தார். ஒரு துண்டை எடுத்து முன்வரிசையிடம் கொடுத்தார். “தொட்டுப் பாருங்க. மோந்து பாருங்க. திருப்பிப் பாருங்க. என்கிட்ட ஒளிவு மறைவு கெடையாது.” துண்டு கைமாறிக் கைமாறிக் கூடம் முழுக்க ஊர்வலம் போனது. நான் அமுக்கிப் பார்த்தேன். வக்கீல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பேங்க்காரர் தும்மலை அடக்கப் பார்த்து, முடியாமல் அதன் மேலேயே தும்மினார். எட்டாம் மாடி அம்மா மூக்கைத் துடைத்த கையாலேயே வாங்கி அடுத்தவருக்குத் தந்தார். ஊர்வலம் முடித்து வந்த துண்டைச் சாதாரண டப்பாவில் போட்டு மூடினார். இன்னொரு துண்டை, வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு, கண்ணை மூடி முணுமுணுத்தபடி தானே எடுத்து அமுதப் பெட்டிக்குள் வைத்தார்.

“இதுக்கு மட்டும் ஏங்கய்யா கையுறை?” என்று யாரோ கேட்டார்கள்.

“மனுசக் கை வாசம் நானோவுக்கு ஆகாது.”

பயபக்தியுடன் எல்லோரும் தலையாட்டினோம். இரண்டு பெட்டியையும் கூடத்து அலமாரியில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடமே கொடுத்தார். அதைவிட நேர்மை வேறென்ன வேண்டும்?

அடுத்த ஞாயிறு திறந்தோம். சாதா டப்பாவில் ரொட்டி பச்சைக் கம்பளி போர்த்திக்கொண்டு கிடந்தது. அமுதப் பெட்டியில் ரொட்டி வெள்ளை வெளேரென்று இருந்தது. கூடமே கை தட்டியது. பெட்டிகள் பறந்தன. காப்பகத்துக்கென்று இருபத்தைந்து பெரிய பெட்டிகளுக்குச் சொல்லிவைத்தாள் என் மனைவி. இரண்டு வாரத்தில், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து தருவதாக நானோநந்தர் வாக்குக் கொடுத்தார். அதற்கு மறுநாள் திங்களிலிருந்து பிள்ளைகளுக்கு நானோ சாப்பாடு.

அன்று மதியம் வீட்டுக்கு வந்து இதையெல்லாம் என் தங்கையிடம் அளந்துகொண்டிருந்தேன்.

தங்கையைப் பற்றி ஒரு வார்த்தை. எங்களோடுதான் இருக்கிறாள். தின்பண்டம் சுற்றும் பிலிம் தயாரிக்கிற ஆலையில், சோதனை அறையில் வேலை. ஞாயிறும் காலையில் ஷிஃப்ட் உண்டு என்பதால் கூட்டங்களுக்கு வரவில்லை. பிலிமைத் துண்டு துண்டாக வெட்டி, ஒன்றைப் புளிப்புத் தண்ணீரிலும் ஒன்றை எண்ணெயிலும் ஊறப்போட்டு, வெதுவெதுப்பில் பத்து நாள் வைத்து, பிலிமிலிருந்து எவ்வளவு கழன்று அதில் இறங்கியிருக்கிறது என்று அளப்பாள். எந்தத் துண்டு எந்த பிலிம் என்று அவளுக்கே சொல்ல மாட்டார்கள். எண் மட்டும் ஒட்டி வரும். தெரிந்தால் கண் ஆசைப்பட்டதைப் பார்த்துவிடும் என்பார்கள் அங்கே. என் மனைவிக்கும் அவளுக்கும் பேச்சுவார்த்தை உண்டு. உப்பு இருக்கிறதா, பால் வந்ததா, அந்த அளவுக்கு.

“அந்த ரொட்டிய எத்தன பேரு தொட்டீங்கண்ணா?” என்று கேட்டாள்.

“எல்லாரும்தான். எண்பது பேருக்கு மேல. அவரே குடுத்துத் தொடச் சொன்னாரு.”

“எந்த ரொட்டிய?”

“சாதா டப்பா ரொட்டிய.”

“இன்னொண்ண?”

“அத அவரு மட்டும் கையுற போட்டு... அதுக்குக் கை வாசம் ஆகாதாம்.”

தங்கை என்னை ஒரு பார்வை பார்த்தாள். “எங்க அறையில முத நாள் சொல்லிக் குடுக்குறதே, கையுற இல்லாம எதையும் தொடாதன்னுதான். பூசணத்த டப்பா கொண்டாரல. நீங்க எண்பது பேரும் கையில கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்திருக்கீங்க.”

சமையலறையிலிருந்து என் மனைவி வந்தாள். “ஏங்க, உங்க தங்கச்சிக்கு நான் ஒரு நாள் நிம்மதியா தூங்கிட்டா பொறுக்காதாமா?”

“அப்படி இல்லண்ணி. நானோங்கிறது பொய்யின்னு நான் சொல்லல. எங்க ஆலையிலயே களிமண்ண அவ்வளவு நைசா பொடிச்சு பிலிமுல கலக்குறோம். காத்து உள்ள வர்றது கொறையும், பண்டம் நமத்துப் போகாது. வெள்ளிப் பொடி கலந்து கிருமிய அடக்குற டப்பாவும் இருக்கு. ஆனா கிருமிய அடக்குற சரக்கு சாப்பாட்டுக்குள்ள எவ்வளவு எறங்குதுன்னு அளந்து பாக்கணும்ல? புளிப்பு பட்டா எவ்வளவு, சூடு பட்டா எவ்வளவுன்னு தனித்தனியா பாக்கணும். பாத்துட்டுத்தான் சீட்டுக் குடுப்பாங்க. இவரு பெட்டியில நெசமாவே நானோ இருந்தா, அந்தச் சீட்டு எங்க? இல்லன்னா, பெட்டி எதுக்கு?”

“பதினோரு வருஷம்,” என்றாள் என் மனைவி. குரல் உயரவில்லை. “பதினோரு வருஷமா நாலு மணிக்கு எந்திரிக்கிறேன். ஒரே ஒரு திங்கக்கெழம ஏழு மணி வரைக்கும் தூங்கணும்னு ஆசப்பட்டேன். அதுக்குச் சீட்டு வாங்கணுமா நான்?”

தங்கை எழுந்து தன் அறைக்குப் போய்விட்டாள். நான் செய்தித்தாளை விரித்துக்கொண்டேன். எப்போதும் அதைத்தான் செய்வேன்.

என் மனைவி கண்ணை மூடிக்கொண்டு பிள்ளைகளுக்கு ஊட்டிவிடுகிறவள் அல்ல. முதலில் பெரியவர் ஒருவர் வயிற்றில் சோதித்துப் பார்க்க நினைத்தாள். வீட்டில் இருந்த பெரியவர் நான். அன்று மாலை சோறும் பருப்பும் குழைத்து இலவசப் பெட்டியில் வைத்து, கிழக்கே திருப்பி, மூன்று முறை நன்றி சொல்லி மூடினாள். புதன்கிழமை காலை எனக்குப் பரிமாறினாள். லேசாக ஒரு வாடை அடித்தது. அதுதான் நானோ வாசனை போலிருக்கிறது என்று வழித்துச் சாப்பிட்டேன்.

பதினோரு மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்கு ஓடி வந்தேன். வந்த இடத்தை விவரிக்க வேண்டியதில்லை. அங்கிருந்தபடியே நானோநந்தருக்கு போன் போட்டேன்.

“அருமைங்க,” என்றார். “ஒடம்புல தேங்கி நின்ன நஞ்சு மொத்தமும் எறங்குது. தடுக்காதீங்க. மூணு நாள் போகட்டும்.”

நம்பினேனா? நம்பினேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கதவுக்கு உள்ளேயிருந்து மனைவியிடம் மகிழ்ச்சியோடு அறிவித்தேன். அரை மணி நேரத்தில் குடியிருப்பின் வாட்ஸப் குழுவில் நானோநந்தரின் செய்தி வந்தது: ‘செயலாளருக்குப் பலன் கிடைத்துவிட்டது.’ கீழே வரிசையாகக் கும்பிட்ட கைகள். மூன்று பேர் தங்களுக்கு ஏன் இன்னும் பலன் இறங்கவில்லை என்று கவலைப்பட்டிருந்தார்கள்.

மூன்றாம் முறை நான் வெளியே வந்தபோது என் மனைவி கழிவறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கையில் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீர்.

“ஏங்க, உங்களுக்கு எழுபது கிலோ ஒடம்பு. நீங்களே இப்படி சுருண்டுட்டீங்க. ‘தன்னி’ கேக்குற அந்தச் சின்னதுக்கு இப்படி ஆச்சுன்னா?”

நான் நஞ்சு இறங்குவதைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன். அவள் கேட்க நிற்கவில்லை. நேராகத் தங்கையின் அறைக்குப் போய், கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். “நீ கேட்ட கேள்விய அந்த ஆளுகிட்ட எப்படிக் கேக்குறது?” என்றாள். பிறகு கதவு சாத்திக்கொண்டது. உப்பு, பால் தாண்டி அவர்கள் இருவரும் அவ்வளவு நேரம் பேசி நான் கண்டதில்லை.

மூன்றாம் ஞாயிறு. கூட்டம் இன்னும் பெருத்திருந்தது. எதிர்க் கட்டடத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். நானோநந்தர் வழக்கம்போல ஒரு ரொட்டித் துண்டை ஊர்வலம் விட்டு, கையுறையை மாட்டப் போனார். என் மனைவி எழுந்தாள். அவருடைய பெரிய வாடிக்கைக்காரி அவள்தான். ஆகவே ஒரு புன்னகை கொடுத்தார்.

“ஐயா, ஒரு சின்ன விஷயம். அந்த ரெண்டாவது துண்டையும் நாங்க தொட்டுப் பாக்கணும்.”

“நானோவுக்கு மனுசக் கை ஆகாதும்மா.”

“நான் கையாலதாங்கய்யா சமைக்கிறேன். அரிசி கழுவணும், காய் நறுக்கணும், பெசையணும். பிள்ளைங்களும் கையாலதான் சாப்பிடும். கை பட்டா வேல செய்யாத பெட்டிய வெச்சு நான் என்ன பண்ண?”

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. அங்கிருந்த பெண்கள் எல்லோருக்கும் சமைக்கத் தெரியும் என்பதை நானோநந்தர் கணக்கில் எடுக்கவில்லை.

“தொட்டாலும் வேல செய்யும்,” என்றார் அவசரமாக. “நான் சுத்தத்துக்காகச் சொன்னேன்.”

“அப்ப ரெண்டையும் வெச்சுப் பாத்துரலாங்க,” என்று பின்னாலிருந்து எழுந்தாள் என் தங்கை. அன்று ஷிஃப்டை மாற்றிக்கொண்டு வந்திருந்தாள். கையில் ஒரு பை. “உங்க பெட்டி மூணு. கடைப் பெட்டி மூணு. ஒரே அளவு. ஒவ்வொண்ணுலயும் நாங்க எல்லாரும் தொட்ட துண்டு ஒண்ணு, நீங்க கையுற போட்டு எடுத்த துண்டு ஒண்ணு. ரொட்டி எங்க அண்ணி வாங்கினது. வேற ஒண்ணும் இல்ல.”

இருபத்தைந்து பெட்டி விற்கப் போகிறவர் இதற்கு எப்படி முடியாது என்பார்? தலையாட்டினார்.

ஆறு துண்டுகள் ஊர்வலம் போயின. ஆறு துண்டுகளை நானோநந்தர் கையுறையுடன் எடுத்துத் தட்டில் அடுக்கினார். பெட்டிகளை நிரப்பும் வேலை வக்கீலுக்கும் பேங்க்காரருக்கும். ஒருவர் நானோ பக்தர், ஒருவர் நானோ எதிரி. ஒருவரை ஒருவர் ஏமாற்ற விடமாட்டார்கள் என்பதற்காகவே தங்கை அவர்களைப் பிடித்திருந்தாள். இருவரும் சங்கத்தின் அலுவலக அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, இடுக்கியால் ஊர்வலத் துண்டை இடப்பக்கமும் கையுறைத் துண்டை வலப்பக்கமும் வைத்து, பெட்டிகளை மூடி, பழுப்புக் காகிதத்தால் முழுக்கச் சுற்றி, ஒன்று முதல் ஆறு வரை எண் போட்டார்கள். எது யாருடைய பெட்டி என்று ஒரு தாளில் எழுதி உறையில் ஒட்டி வக்கீல் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தங்கை அந்தப் பக்கமே எட்டிப் பார்க்கவில்லை. “எனக்கும் தெரியக் கூடாது,” என்றாள்.

பூப்பந்துக் கோப்பைகள் இருந்த கண்ணாடி அலமாரியில் ஆறையும் வைத்துப் பூட்டினோம். நானோநந்தர் கேட்டபடி கிழக்கே பார்த்துத்தான் வைத்தோம். நன்றியும் மூன்று முறை சொன்னோம். எது எதுவென்று தெரியாததால் கடைப் பெட்டிகளுக்கும் சேர்த்தே சொன்னோம்.

நாலாம் ஞாயிறு வந்தது. வாசலில் வண்டி நின்றது. காப்பகத்துக்கான இருபத்தைந்து பெட்டிகளும் வந்து இறங்கிவிட்டன. மறுநாள் திங்கள். பிள்ளைகளின் பெற்றோரும் கூடத்தில் இருந்தார்கள். என் மனைவி இடுப்பில் ‘தன்னி’ உட்கார்ந்திருந்தது.

“திறக்குறதுக்கு முன்னாடி ஒண்ணுங்கய்யா,” என்றாள் தங்கை. “மூடியில கோடி நானோ இருக்குன்னு சொன்னீங்க. காகிதம் சுத்தினாலும் உங்களுக்கு அது தெரியும்ல? உங்க பெட்டி மூணும் எதுன்னு சொல்லுங்க.”

நானோநந்தர் சட்டைப்பையிலிருந்து நூலில் கட்டிய ஒரு கண்ணாடி மணியை எடுத்தார். அதற்கு நானோமானி என்று பெயராம். ஒவ்வொரு பெட்டி மேலும் தொங்கவிட்டார். கூடம் மூச்சை அடக்கிக்கொண்டது. இரண்டின் மேல் மணி வட்டமடித்தது. மூன்றின் மேல் வேகமாக வட்டமடித்தது. ஆறின் மேல் கழன்றுவிடும்போல் சுற்றியது. “ரெண்டு, மூணு, ஆறு,” என்றார்.

வக்கீல் உறையைக் கிழித்துப் படித்தார். “ஒண்ணு, நாலு, ஆறு.”

“ஒண்ணு சரியா இருக்குல்ல?” என்றார் பின்வரிசையில் ஒருவர், விட்டுக்கொடுக்க மனமில்லாமல்.

“கண்ண மூடிக்கிட்டுச் சொல்லியிருந்தாலும் அது வந்திருக்கும்,” என்றாள் தங்கை. காகிதத்தைப் பிரித்துப் பெட்டிகளைத் திறக்க ஆரம்பித்தாள்.

முதல் பெட்டி, நானோநந்தருடையது. ஊர்வலம் போன துண்டு பச்சைப் பசேல். கையுறைத் துண்டு வெள்ளை. இரண்டாவது, கடைப் பெட்டி. ஊர்வலம் போன துண்டு பச்சை, கையுறைத் துண்டு வெள்ளை. மூன்று, அதே. நாலு, அதே, சொல்லப்போனால் நானோநந்தரின் அந்தப் பெட்டியில் கையுறைத் துண்டின் ஓரத்திலும் ஒரு பச்சைப் புள்ளி எட்டிப் பார்த்தது. ஐந்தும் ஆறும் அப்படியே. வெள்ளி மூடி இருந்தாலும் பச்சை, இல்லாவிட்டாலும் பச்சை. பெட்டிக்கும் பூசணத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. சம்பந்தமெல்லாம் எங்கள் கைக்குத்தான்.

கூடத்தில் பாதிப் பேர் தங்கள் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்கள். நானும் பார்த்தேன்.

“யாரோ இங்க சந்தேகப்பட்டிருக்காங்க,” என்றார் நானோநந்தர். “நானோ சுருங்கிடுச்சு.”

“சரிங்கய்யா. உங்க பெட்டியில சுருங்கிடுச்சு. கடைப் பெட்டியில நானோவே கெடையாதே, அதுல இருக்குற தொடாத துண்டு எப்படி இவ்வளவு வெள்ளையா இருக்கு?”

“அதுக்கும் நாமதான நன்றி சொன்னோம்,” என்றது பின்வரிசை.

அப்போது என் மனைவி அந்த அமுதப் பெட்டி மூடியின் உட்பக்கத்தை, மேசையில் கிடந்த ஈரத் துணியால் அழுத்தித் துடைத்தாள். துணியில் வெள்ளிச் சாயம் வந்தது. இன்னொரு முறை துடைத்தாள். சாயம் செதிலாக உரிந்து விரலில் ஒட்டிக்கொண்டது. உள்ளே வெறும் பிளாஸ்டிக். பேங்க்காரர் பெட்டியைக் கவிழ்த்து, மூக்கில் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, அடியில் சுரண்டியும் முழுதாக அழியாத முத்திரையைக் கடைப் பெட்டி முத்திரையோடு ஒப்பிட்டார். அதே கடைப் பெட்டி. அதே அச்சு. கண்ணாடி நான் போட்டுக் கொடுத்தது.

“சோப்புப் போட்டுக் கழுவக் கூடாதுன்னது இதுக்குத்தானா?” என்றாள் என் மனைவி. விரலை நானோநந்தரிடம் நீட்டினாள். “இது என்ன சாயம்னு உங்களுக்காவது தெரியுமா? நாளைக்கு மத்தியானம் இது இவங்க வயித்துக்குள்ள போயிருக்கும்.” இடுப்பிலிருந்த குழந்தை அந்தப் பளபளக்கும் விரலைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோகப் பார்த்தது. அவள் சட்டென்று கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அதுவரை கைகட்டி உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். நானோநந்தர் திடீரென்று போனைக் காதில் வைத்து, “ஆமாங்க, இதோ வந்துட்டேங்க,” என்று யாருமில்லாத யாரிடமோ பேசியபடி வாசல் பக்கம் நகர்ந்தார். நகர்ந்தவர் கம்பி நீட்டிவிட்டார். வக்கீல் வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டார். புகார் எழுத உட்கார்ந்த இடத்தில், பேங்க்காரர் கவலையோடு கேட்டார்.

“பெட்டியில நானோ இல்ல, சரி. அப்ப என் நானோ நீக்கி?”

“அது வேல செய்யும் சார்,” என்றார் வக்கீல். “பெட்டியில நானோ இல்லல்ல? நீக்கிடுச்சு.”

பேங்க்காரர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத்தான் கோபப்பட்டார்.

எல்லாம் முடிந்தது, மக்கள் தெளிந்தார்கள் என்று நினைத்து நான் பெருமூச்சு விட்டேன். திரும்பிப் பார்த்தால் கூடத்தில் புதிதாக ஒரு வரிசை. வரிசையின் முன்னால் என் தங்கை விழித்துக்கொண்டு நின்றாள். நானோநந்தர் விட்டுப்போன வெள்ளைக் கையுறையை எட்டாம் மாடி அம்மா இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார்.

“இந்தக் கையுறையிலதான் சக்தி இருக்குபோல. இத நீங்க ஒரு தடவ தொட்டுக் குடுத்தீங்கன்னா வீட்டுல வெச்சுக்குவேன்.”

“அம்மா, அதெல்லாம் ஒண்ணும் இல்ல. சமைக்கிறதுக்கு முன்னாடி கையக் கழுவுங்க. போதும்.”

“எத்தன தடவம்மா? எந்தத் திச பாத்து?”

தங்கை மேசை மேல் உட்கார்ந்துவிட்டாள். அவ்வளவு நேரம் நானோநந்தரோடு மல்லுக்கட்டியதில் வராத களைப்பு அப்போதுதான் அவள் முகத்தில் வந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது என் மனைவி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினாள். அது ஏமாந்த சோர்வு அல்ல என்று எனக்குத் தெரிந்தது. நாளைக்குத் திங்கள். மறுபடி நாலு மணி.

“அண்ணா,” என்றாள் தங்கை, மூன்றாம் மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்று. “அண்ணிக்குத் தேவ நானோ பெட்டி இல்ல. இன்னும் நாலு கை. வீட்டுலயே சும்மா கெடக்கு. உனக்கு ரெண்டு, எனக்கு ரெண்டு.”

எனக்குச் சுரீர் என்றது. ஒரு பித்தலாட்டக்காரனுக்குக் கூடம் பிடித்துக் கொடுக்கத் தெரிந்த எனக்கு, பதினோரு வருஷத்தில் ஒரு நாள் எழுந்து பீன்ஸ் நறுக்கத் தோன்றவில்லை. அவளுடைய அசதி கண் முன்னால் நடமாடிக்கொண்டிருந்தது. நான் அதற்கு ஒரு வெள்ளிப் பெட்டி வாங்கி வந்தேன்.

மறுநாள் நாலு மணிக்கு அலாரம் அடித்தது. அணைத்துவிட்டு நானும் தங்கையும் எழுந்தோம். கையை சோப்புப் போட்டுக் கழுவினோம், குழாய் எந்தத் திசையில் இருந்ததோ அந்தத் திசை பார்த்து. நான் நறுக்கிய கேரட் ஒவ்வொன்றும் ஒரு அளவில் இருந்தது. பருப்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது. இருபத்திரண்டு பேரில் ஒருவர்கூடப் புகார் சொல்லவில்லை. ‘தன்னி’ மட்டும் இரண்டு தடவை கூடுதலாகத் தண்ணீர் கேட்டதாம்.

என் மனைவி ஏழு மணி வரை தூங்கினாள். ஏழே கால் என்று தங்கை சொல்கிறாள்.

எங்கள் லிஃப்ட் இன்னும் ஓடவில்லை. அடுத்த ஞாயிறு அதற்காகக் கூட்டம் போட்டேன். ஐந்து பேர் வந்தார்கள். எட்டாம் மாடி அம்மா கையுறையோடு வந்திருந்தார்.

ஆகவே, மதிப்பிற்குரிய பொதுமக்களே, உங்கள் ஊருக்கும் ஒருவர் வருவார். வெள்ளிச் சட்டைதான் போட்டிருப்பார் என்று சொல்ல முடியாது. உங்கள் கையில் ஒன்றைக் கொடுத்து, தொட்டுப் பாருங்கள், ஒளிவு மறைவு இல்லை என்பார். தாராளமாகத் தொடுங்கள். தொட்டுவிட்டு, அவர் உங்களைத் தொடவிடாத அந்த இன்னொன்றையும் கேளுங்கள்.